அட்டைப்பெட்டித் தொழிலும் ஓர் ஆடிட்டர் அலுவலகமும்

திருப்பூரில் வரிக்கணக்குப் பார்த்துக் கொடுக்கிற எவரும் ‘ஆடிட்டர்’தான். தேர்வெழுதிப் பட்டயக் கணக்கரானவருக்கும் அதே பெயர். ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவு செய்துகொண்டவருக்கும் அதே பெயர். ஜெராக்ஸ் கடையின் ஓரத்தில் ஒரு கணினியைப் போட்டுக்கொண்டு சில நூறு ரூபாய்க்கு ரிட்டர்ன் போட்டுத் தருகிறவருக்கும் அதே பெயர். பெயர் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றுதான் என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தவன் நான். பனியன் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் சிறு பட்டறை என்னுடையது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1 கோடியே 60 லட்சம் ரூபாய் விற்பனை. என்னைத் தவிர 11 பேர் வேலை செய்கிறார்கள். 2024 ஜூலை முதல் என் வரி விவகாரங்களைக் கவனித்துவரும் அலுவலகத்தின் சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை.

அவிநாசி சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பேக்கரிக்கு மேலே முதல் மாடியில் அந்த அலுவலகம் இருக்கிறது. பெயரை எழுதவில்லை. பட்டயக் கணக்கர்கள் தம்மை விளம்பரப்படுத்திக்கொள்வதை 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்கர் சட்டம் தொழில் ஒழுங்கீனமாகக் கருதுகிறது. வாடிக்கையாளர் தானாக எழுதுவது விளம்பரம் ஆகாது என்று வாதாடிப் பார்த்தேன். “எதுக்குங்க வம்பு, பேர் மட்டும் வேண்டாமுங்க” என்றார் அங்குள்ள ஆடிட்டர். குறைகளையும் எழுதப் போகிறேன் என்பதால் எனக்கும் அது வசதியாகவே போயிற்று.

முன்பு என் கணக்கைப் பார்த்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதையும் பெயரில்லாமலேயே சொல்கிறேன். அங்கே மாதா மாதம் பில்களைக் கட்டாகக் கட்டிக் கொடுத்தால் போதும். ரிட்டர்ன் தேதிக்குள் போய்விடும், கட்டணமும் குறைவு. ஜிஎஸ்டி தளத்தில் என் பதிவுக்கு அவர்களுடைய கைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும்தான் கொடுக்கப்பட்டிருந்தன. ஓடிபி கேட்டு அடிக்கடி தொந்தரவு செய்யாமல் அவர்களே பார்த்துக்கொள்வது பெரிய உபகாரம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் வங்கியிலிருந்து, கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்று தொலைபேசி வந்தது. சனிக்கிழமை கூலி கொடுக்க எடுத்து வைத்திருந்த பணமும் அதற்குள் மாட்டிக்கொண்டது.

விசாரித்தபோது தெரிந்தது இது: 2018-19ஆம் ஆண்டில் பெட்டி செய்வதற்கான கிராஃப்ட் காகிதத்தை நான் வாங்கிய ஓர் ஆலை, தன் விற்பனையை ரிட்டர்னில் முழுமையாகக் காட்டவில்லை. நான் எடுத்த உள்ளீட்டு வரி வரவுக்கும் (வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) தளத்தில் தெரிந்த தொகைக்கும் 84,000 ரூபாய் வித்தியாசம் வந்தது. அதற்கான நோட்டீஸ், தளத்தில் ‘கூடுதல் நோட்டீஸ்கள்’ என்ற பகுதியில் ஏற்றப்பட்டு, அந்த அலுவலகத்தின் மின்னஞ்சலுக்கும் போயிருக்கிறது. எவரும் பதில் போடவில்லை. பதில் இல்லாததால் 2024 ஏப்ரலில் ஒருதலைப்பட்சமாக உத்தரவு பிறந்துவிட்டது. இது என் ஒருவனுக்கு நேர்ந்ததல்ல. இணையத்தில் ஏற்றப்பட்ட நோட்டீஸைப் பார்க்கவே இல்லை என்று சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன சிறு வணிகர்கள் ஏராளம்; அவற்றில் பல வழக்குகளில், வரியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி, மறுபடியும் விசாரிக்கும்படி நீதிமன்றம் திருப்பி அனுப்பியிருக்கிறது.

இந்த நிலையில்தான் மாடிப்படி ஏறினேன். வரவேற்பில் இருந்த பெண், எட்டாண்டுகளாக அங்கே வேலை செய்கிறவர், என்ன விஷயம் என்றுகூடக் கேட்கவில்லை. “செஞ்சு முடிச்சதப் பத்திங்களா, செய்யப் போறதப் பத்திங்களா?” என்று கேட்டார். முடிந்துபோனதைப் பற்றி என்றேன். அதற்கு ஒரு வரிசையும் மற்றதற்கு வேறொரு வரிசையும் இருந்தன. இரண்டாவது வரிசை எப்போதும் சிறியதாகவே இருப்பதை அதன்பிறகு ஒவ்வொரு முறை போகும்போதும் பார்க்கிறேன். இந்த அலுவலகத்தை நான் மதிப்பிடுவது அந்த இரண்டாவது வரிசையை வைத்துத்தான். ரிட்டர்னைத் தேதிக்குள் போடுவதற்கு ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள்.

ஆனால் முதல் வேலை முதல் வரிசையைச் சேர்ந்தது. உள்ளே இருந்த ஆடிட்டர் ஒரு மருத்துவர் போலத்தான் நடந்துகொண்டார். உத்தரவை முழுவதும் படித்து முடிக்கும்வரை வாயே திறக்கவில்லை. 2017-18, 2018-19 ஆகிய இரண்டு தொடக்க ஆண்டுகளின் இத்தகைய வித்தியாசங்களுக்காகவே மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2022 டிசம்பரில் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது என்றும், ஒரு விற்பனையாளரிடம் வந்த வித்தியாசம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அந்த விற்பனையாளரின் சான்று ஒன்றே போதும் என்றும், நோட்டீஸ் வந்த அன்றே அதை வாங்கிக் கொடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும் என்றும் சொன்னார். அந்த ஆலையோ 2020இலேயே மூடப்பட்டுவிட்டது. சான்று கேட்க ஆளில்லை.

அவர் சொன்ன வழி எனக்கு முதலில் சுற்றுவழியாகத் தோன்றியது. உத்தரவு கிடைத்த மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம்வரை ஏற்பார்கள். சர்ச்சைக்குரிய வரியில் 10 சதவீதம், அதாவது 8,400 ரூபாய் கட்டினால் மீதித் தொகைக்கான வசூல் நடவடிக்கை நின்றுவிடும், வங்கிக் கணக்கு விடுபடும். அதே சமயம், 2024 ஜூன் 22 அன்று கூடிய ஜிஎஸ்டி மன்றம் முதல் மூன்று ஆண்டுகளின் வழக்குகளுக்கு, மோசடி இல்லாதவற்றுக்கு மட்டும், வட்டியையும் அபராதத்தையும் தள்ளுபடி செய்யப் பரிந்துரைத்திருந்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. “இப்போதைக்கு அப்பீல் போட்டு நிறுத்தி வைப்போம், சட்டம் வரட்டும்” என்றார். அந்தத் தள்ளுபடியைத் தரும் 128ஏ பிரிவு 2024 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்று, மீதி வரியை 2025 மார்ச் 31க்கு முன்பே கட்டி, தள்ளுபடிக்கு விண்ணப்பித்தோம். 84,000 ரூபாய் போனது போனதுதான்; ஆனால் ஆண்டுக்கு 18 சதவீதம் என்று ஏறி நின்ற 75,000 ரூபாய்க்கு மேற்பட்ட வட்டியும் 10,000 ரூபாய் அபராதமும் போகாமல் நின்றன. இன்னும் சட்டமாகாத ஒரு பரிந்துரையை நம்பி என் கணக்கில் திட்டம் போட்டது துணிச்சல்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அது வராமல் போயிருந்தாலும் மேல்முறையீடு கையில் இருந்திருக்கும்.

அன்றே அவர் செய்த இன்னொரு காரியம், ஜிஎஸ்டி தளத்திலும் வருமானவரித் தளத்திலும் என் கைபேசி எண்ணையும் என் மின்னஞ்சலையும் பதிய வைத்தது. கடவுச்சொல்லை நானே தட்டச்சு செய்யும்போது அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். சிறு தொழில் செய்யும் எவருக்கும் இதை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன்: உங்கள் ஆடிட்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நோட்டீஸ் வரும் முகவரி உங்களுடையதாக இருக்கட்டும்.

இனி இரண்டாவது வரிசைக்கு வருகிறேன். அந்த ஆண்டு இறுதியில் பெட்டிகளுக்குக் கம்பித் தையல் போடும் ஒரு பழைய இயந்திரத்தை வாங்க 3 லட்சம் ரூபாய் தேவைப்பட்டது. மைத்துனர் ரொக்கமாகவே தருவதாகச் சொல்லியிருந்தார். வேறு எதற்கோ அலுவலகத்துக்குப் போனவன் பேச்சுவாக்கில் ஆடிட்டரிடம் இதைச் சொன்னேன். 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் கடனாக வாங்குவது எதுவானாலும் வங்கி வழியாகத்தான் வர வேண்டும் என்றும், ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமான தொகையை அபராதமாக விதிக்க வருமானவரிச் சட்டத்தில் இடமிருக்கிறது என்றும், மைத்துனர் என்பதால் விலக்கு இல்லை என்றும் சொன்னார். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே விதி. எங்கள் பக்கத்தில் உறவுக்குள் கடன் வாங்கும் எவரும் காசோலை கேட்பதில்லை. கேட்டால் நம்பிக்கை இல்லையா என்பார்கள். மைத்துனரும் அப்படித்தான் கேட்டார். அபராதத் தொகையைச் சொன்னவுடன் அவரே வங்கிக்குப் போனார்.

பத்தாவது ஆளைச் சேர்க்கும் முன்பும் இதே போல் ஒரு பேச்சு நடந்தது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கு ஈஎஸ்ஐ என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு பொருந்தும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை உள்ளவர்களுக்குத் தொழிலாளியிடமிருந்து 0.75 சதவீதமும் முதலாளியிடமிருந்து 3.25 சதவீதமும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஒருமுறை வரம்புக்குள் வந்துவிட்டால் பிறகு ஆள் குறைந்தாலும் வெளியேற முடியாது. பலர் ஒன்பதிலேயே நிறுத்திக்கொண்டு மற்றவர்களைக் கூலி ஆட்களாகக் காட்டுவார்கள். அந்த யோசனையை நானே தயக்கத்தோடு எடுத்து வைத்தேன். ஆய்வாளர் வந்தால் தலைகளை எண்ணுவாரே தவிரப் பதிவேட்டை எண்ண மாட்டார் என்றார் ஆடிட்டர். பிறகு, என் ஆட்களின் சம்பளத்துக்கு 3.25 சதவீதம் மாதம் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஐயாயிரத்துச் சொச்சம். கட்டர் இயந்திரத்தில் ஒருவர் விரலில் அடிபட்டால் தனியார் மருத்துவமனையில் எவ்வளவு ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. அது எனக்கே தெரியும்.

2025 செப்டம்பரில் அவர்கள் செய்த வேலைதான் இந்த அலுவலகத்தின் ஆகச் சிறந்த சேவை. செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி மன்றம் வரி விகிதங்களை மாற்ற முடிவெடுத்தது. 22ஆம் தேதி முதல் அமல். செய்திகளில் எல்லாம் சோப்பு, ஷாம்பூ, கார் விலை குறைவதைப் பற்றித்தான் பேச்சு. அட்டைப்பெட்டிக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது என்று கேள்விப்பட்டு நானும் மகிழ்ந்திருந்தேன். நான்காம் நாள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது: பெட்டிக்கு 5, ஆனால் பெட்டி செய்யும் கிராஃப்ட் காகிதத்துக்கு 12இலிருந்து 18. உடனே வந்து பார்க்கவும்.

அவர் ஒரு தாளில் போட்டுக் காட்டிய கணக்கை அப்படியே தருகிறேன். 1 லட்சம் ரூபாய்க்குக் காகித ரீல் வாங்கி, அதில் செய்த பெட்டிகளை 1 லட்சத்து 40,000 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். முன்பு வாங்கும்போது கட்டிய வரி 12,000. விற்கும்போது வசூலித்தது 16,800. வித்தியாசமான 4,800 ரூபாயைக் கட்டிவிட்டால் கணக்கு நேர். இனி வாங்கும்போது 18,000; விற்கும்போது 7,000. ஒவ்வொரு லட்சத்துக்கும் 11,000 ரூபாய் என் பணம் வரவுப் பேரேட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் ஆண்டுக்கு வாங்கும் காகிதம் சுமார் 1 கோடியே 10 லட்சம், விற்பது 1 கோடியே 60 லட்சம். அப்படியானால் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 லட்சத்து 80,000 ரூபாய், மாதத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அளவில் முடங்கும். என் ஆண்டு லாபத்தைவிட அது பெரிய தொகை. வரி குறைந்தது என்று கேட்டு மகிழ்ந்தவன், அந்தத் தாளைப் பார்த்தபிறகு கீழே பேக்கரியில் வாங்கி வந்த டீயைக் குடிக்கவே இல்லை.

இதைத்தான் தலைகீழ் வரி அமைப்பு என்கிறார்கள். இப்படித் தேங்கும் வரவைத் திரும்பக் கேட்கும் உரிமை ஜிஎஸ்டி சட்டத்தின் 54ஆம் பிரிவில் இருக்கிறது. விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் அதில் ஒரு நுணுக்கம். மூலப்பொருள்களுக்குக் கட்டிய வரி மட்டுமே திருப்பித் தரும் கணக்கில் சேரும். இயந்திரம் வாங்கக் கட்டியதும், வாடகை, பழுதுபார்ப்பு போன்ற சேவைகளுக்குக் கட்டியதும் சேராது. இதை எதிர்த்துப் போன வழக்குகளில் அரசின் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்துவிட்டது. 2022 ஜூலையில் திருப்பித் தரும் தொகையைக் கணக்கிடும் சூத்திரத்தைக் கொஞ்சம் தளர்த்தியதால், சேவைகளுக்கான வரவில் ஒரு பகுதி விற்பனை வரியில் கழிந்துகொள்ளும். “என் ஃபீஸுக்கு நீங்க கட்டற 18 சதவீதத்தையும் திருப்பிக் கேக்க முடியாதுங்க” என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அந்த நகைச்சுவைக்கும் சேர்த்துத்தான் கட்டணம் வாங்குகிறார் போலும்.

அன்று கொடுத்த உடனடி ஆலோசனை இரண்டு. கையில் இருக்கும் பணத்துக்கு 21ஆம் தேதிக்குள் 12 சதவீத வரியிலேயே ரீல்களை எடுத்துவிட வேண்டும். ஆனால் அதற்காகக் கடன் வாங்கக் கூடாது, ஏனெனில் வட்டி அந்த லாபத்தைத் தின்றுவிடும். இரண்டாவது, பில் போடும் தேதியைப் பற்றியது. வாடிக்கையாளர்கள் சிலர், சரக்கை முன்பே எடுத்துக்கொள்கிறோம், பில்லை மட்டும் 22க்குப் பிறகு 5 சதவீதத்தில் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சரக்கு போவது, பில் போடுவது, பணம் வருவது ஆகிய மூன்றில் எந்த இரண்டு ஒரே பக்கம் விழுகின்றனவோ அந்தப் பக்கத்து விகிதமே பொருந்தும் என்று எளிமையாகச் சொன்னார். சட்டத்தின் 14ஆம் பிரிவு அரைப் பக்கத்துக்கு நீள்கிறது. இந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு அது அடங்கிவிட்டது. இதே விளக்கத்தை ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாக எழுதி, பெட்டி, நூல், சாயம் என்று தொழில்வாரியாகப் பிரித்துத் தன் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் அந்த வாரமே அனுப்பினார்கள். அரசின் சுற்றறிக்கைகளும் தளங்களில் உள்ள கேள்வி பதில்களும் இலவசமாகவே கிடைக்கின்றன, பல நேரம் நன்றாகவும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அவை பொதுவானவை. கிராஃப்ட் காகிதத்தையும் பெட்டியையும் ஒரே வரியில் சேர்த்து வைத்து ‘இது உனக்கு’ என்று சொல்லும் வேலை அவற்றினுடையது அல்ல.

அந்தச் சமயத்தில் இணக்க முறைக்கு (காம்போசிஷன்) மாறிவிடலாமா என்று நான் கேட்டதையும் சொல்ல வேண்டும். ஆண்டு விற்பனை 1 கோடியே 50 லட்சம்வரை உள்ள உற்பத்தியாளர்கள் விற்பனையில் 1 சதவீதம் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வசதி அது. நான் வரம்பைத் தாண்டியவன் என்பது ஒரு பக்கம் இருக்க, வரம்புக்குள் இருந்தாலும் கூடாது என்றார். இணக்க முறையில் இருப்பவர் பில்லில் வரி வசூலிக்க முடியாது. உள்ளீட்டு வரவும் எடுக்க முடியாது. அவரிடம் வாங்கும் ஏற்றுமதியாளருக்கும் வரவு கிடையாது. என்னுடைய 18 சதவீதம் முழுவதும் அடக்கவிலையில் ஏறி, பக்கத்துப் பட்டறையின் விலையோடு போட்டி போட முடியாமல் போகும். தெருமுனை மளிகைக்கடைக்கு நல்லதாக இருப்பது, இன்னொரு தொழிலுக்கு விற்கிறவனுக்கு நல்லதல்ல. தன்னிடம் வரும் உணவகக்காரர்கள் சிலருக்கு அதே முறையை அவரே பரிந்துரைக்கிறார் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

வருமானவரியைப் பொறுத்தவரை அதிகம் சொல்ல இல்லை. என் வரவுகள் எல்லாம் வங்கி வழியாக வருவதால், 44ஏடி பிரிவின்படி விற்பனையில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதும். ரொக்கமாக வந்திருந்தால் 8. விற்பனை 2 கோடிவரை, ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாதவர்களுக்கு 3 கோடிவரை இந்த வசதி உண்டு. என் கணக்கில் 6 சதவீதம் என்பது 9 லட்சத்து 60,000. புதிய வரி முறையில் 2025-26ஆம் நிதியாண்டுக்கு 12 லட்சம்வரை வருமானத்துக்கு வரி எதுவும் இல்லை என்பதால் கட்ட வேண்டியதும் இல்லை. உண்மையில் அதற்கு மேல் கிடைத்திருந்தால் அதையே காட்ட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. நாளைக்கு வங்கியில் கடன் கேட்கும்போது அதே ரிட்டர்னைத்தான் நீட்ட வேண்டும் என்பதை நினைவூட்டுவார். ஒருமுறை இந்த வழியை எடுத்துக்கொண்டு நடுவில் விட்டால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்ப முடியாது என்பதை முதல் ஆண்டே எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமானவரிச் சட்டத்தில், பழைய சட்டத்தின் 44ஏடி, 44ஏடிஏ, 44ஏஇ மூன்றும் 58ஆம் பிரிவுக்குள் போகின்றன. எண்தான் மாறுகிறது, கணக்கு மாறவில்லை என்று சொல்லிவிட்டார்.

சுயதொழில் செய்கிறவர்களுக்கு இந்த அலுவலகம் எப்படி என்பதை என் தம்பி மகளை வைத்துச் சொல்கிறேன். அவள் கட்டட வடிவமைப்பாளர், கோவையில் தனியாகத் தொழில் செய்கிறாள். ஆண்டுக்கு 14 லட்சம் ரூபாய் வரவு. நிறுவனங்கள் ஒவ்வொரு பில்லிலும் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வருமானவரி, பிடித்துவிடும். அது செலவு என்று நினைத்து இரண்டு ஆண்டு ரிட்டர்னே போடாமல் இருந்தவள். 44ஏடிஏ பிரிவின்படி அவளுடைய தொழிலில் வரவில் பாதியை வருமானமாகக் காட்டலாம். 7 லட்சத்துக்கு வரி இல்லை. பிடித்த 1 லட்சத்து 40,000 ரூபாயும் அவளுக்குத் திரும்ப வேண்டிய பணம். இதைச் சொல்ல அவர்களுக்குப் பத்து நிமிடம்தான் ஆயிற்று. கட்டணம் வாங்கிக்கொண்டார்கள், ஆனால் சேவைகளுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் வரம்பு 20 லட்சம் என்றும், 17 லட்சத்தைத் தாண்டும்போது தொலைபேசியில் கூப்பிடு என்றும் சொல்லி அனுப்பினார்கள். அந்த 17 லட்சம் எந்தச் சட்டத்திலும் இல்லை. அவர்களே வைத்துக்கொண்ட எச்சரிக்கைக் கோடு.

குறைகள் உண்டு, சின்னவை அல்ல. முதலாவது, தொழில் வரி. தமிழ்நாட்டில் ஆட்களின் சம்பளத்திலிருந்து அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரியைப் பிடித்து உள்ளாட்சி அமைப்புக்குக் கட்டுவது முதலாளியின் பொறுப்பு. ஆறு மாத வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டும் எவரும் அதற்குள் வருவார். ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வசூலிக்க அரசியலமைப்பே தடை போட்டிருக்கிறது. தொகை சிறிது. ஆனால் ஓராண்டு முழுவதும் அவர்கள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. உள்ளாட்சியிலிருந்து கேட்பு வந்த பிறகுதான் அது தங்கள் வேலையா, ஈஎஸ்ஐ பார்க்கும் தொழிலாளர் சட்ட ஆலோசகரின் வேலையா என்று பேசத் தொடங்கினார்கள். ஆட்களிடம் முந்தைய அரையாண்டுகளுக்குச் சேர்த்துப் பிடிக்க மனம் வராமல் நானே கட்டினேன்.

அந்தத் தொழிலாளர் சட்ட ஆலோசகர் என்பவர் வேறொரு தெருவில் இருக்கும் அவர்களுடைய நண்பர். ஈஎஸ்ஐ, பிஎஃப் வேலைகளை இவர்கள் எடுத்துக்கொண்டு அவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் ஒரு மாத ஈஎஸ்ஐ சலான் 15ஆம் தேதிக்குப் பதில் 17ஆம் தேதி போயிற்று. வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்பதால் இரண்டு நாளுக்கு அற்பத்தொகைதான். எனக்குக் கோபம் தொகையால் அல்ல. யாரைக் கேட்பது என்று தெரியாததால். முதலாளி என்ற நிலையில் வழிகாட்டுதல் தேடி வருகிறவர்களுக்கு இந்த அலுவலகத்தைப் பாதி மனதோடுதான் சொல்வேன். 20 பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்து, பிஎஃப் கட்டாயமாகும் அளவில் இருப்பவர்கள், சம்பளக் கணக்கை ஒரே கூரைக்குள் பார்க்கும் வேறு இடத்தைத் தேடிக்கொள்வது நல்லது.

வாய்மொழியாகத்தான் பேசுகிறார்கள் என்பதும் ஒரு குறை. 44ஏடி விஷயத்தைத் தவிர வேறெதையும் எழுதிக் கொடுக்கவில்லை. மின்னஞ்சலில் கேட்டால் தொலைபேசியில் பதில் வருகிறது. ஒவ்வொரு முறை பேசி முடித்த பிறகும் நான் கேட்டுக்கொண்டதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, “சரிங்களா?” என்று கேட்டு, அவர் கட்டைவிரல் போட்டால்தான் நிம்மதி. மாதத்தில் 9ஆம் தேதியிலிருந்து 22ஆம் தேதிவரை அவரைப் பிடிப்பது, சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் சொந்தக்காரரைத் தேடுவது போல. கட்டணத்தையும் முன்கூட்டியே சொல்வதில்லை. மாதம் 2,000 ரூபாய், வருமானவரி ரிட்டர்னுக்கு 5,000 என்பது தெரியும். ரீஃபண்ட் விண்ணப்பத்துக்குத் தனியாக 7,500 என்பது விண்ணப்பம் போட்ட பிறகு வந்த பில்லில்தான் தெரிந்தது. செய்யப் போவதற்கு முன் சொல்வதை இவ்வளவு மதிக்கிற அலுவலகம், தன் கட்டணத்தில் மட்டும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டது வேடிக்கைதான்.

அந்த விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் முறையில் இருக்கிறேன். விற்பனை 5 கோடிவரை உள்ளவர்களுக்கு அந்த வசதி உண்டு. ஏற்றுமதியாளர்களுக்கு வரவு தாமதமாகாமல் இருக்க, முதல் இரண்டு மாதங்களின் பில்களை 13ஆம் தேதிக்குள் தளத்தில் ஏற்றிவிடுவோம். அக்டோபர் முதல் டிசம்பர்வரையிலான காலாண்டு ரிட்டர்னை ஜனவரி 22க்குள் போட்ட பிறகுதான் ரீஃபண்ட் கேட்க முடிந்தது. இத்தகைய விண்ணப்பங்களில் 90 சதவீதத்தை முதலில் தற்காலிகமாகக் கொடுக்கும் ஏற்பாட்டை 2025 அக்டோபரில் கொண்டுவந்தார்கள். எனக்கு ஒப்புகை வந்திருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. காலாண்டு முறையில் இருக்கும்வரை மூன்று மாதப் பணம் ஒன்றாகத் தேங்கித்தான் கிளம்பும் என்பதால், ஏப்ரலிலிருந்து மாதந்தோறும் ரிட்டர்ன் போடும் முறைக்கு மாறச் சொல்கிறார். அதற்கான தேர்வை பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 30க்குள் தளத்தில் செய்ய வேண்டும். மாறினால் அவருடைய மாதக் கட்டணம் 500 ரூபாய் கூடும். இதை மட்டும் இந்த முறை முதலிலேயே சொல்லிவிட்டார்.

போக நினைப்பவர்கள் மாதத்தின் 23ஆம் தேதிக்குப் பிறகு, மாலை நான்கு மணிக்கு மேல் போகலாம். வண்டி நிறுத்த இடமில்லை. பேக்கரிக்காரர் முகம் சுளிப்பார், ஒரு டீ வாங்கிவிட்டால் சரியாகிவிடும். ஜிஎஸ்டி, வருமானவரித் தளங்களில் எந்தக் கைபேசி எண் பதிவாகியிருக்கிறது என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொண்டு போங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.